ஹெட்லெஸ் உள்ளடக்க ஏபிஐயிலிருந்து எளிய கிளையண்ட் நிரலகம் கொண்டு தரவு பெறுவது எப்படி?

கட்டுரைகளையும் படங்களையும் ஆசிரியர் விவரங்களையும் சேமித்து வைத்து, திருத்துவோருக்கு ஒரு பணித்தளத்தையும் கொடுத்து, அந்த உள்ளடக்கத்தை ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிடம் தரவு கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாக மட்டுமே வெளியே தரும் அமைப்பை ஹெட்லெஸ் உள்ளடக்க அமைப்பு என்கிறோம். பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் அது தலையிடுவதில்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் நிரலாளருடையது. கன்டென்ட்ஃபுல், ஹைகிராஃப், டேட்டோசிஎம்எஸ் போன்றவை இதற்கென கிராஃப்கியூஎல் ஏபிஐ ஒன்றைத் தருகின்றன. ஃபேஸ்புக் 2012-இல் தன் பயன்பாட்டுக்கென உருவாக்கி, 2015-இல் பொதுவெளியில் விட்ட வினவல் மொழி கிராஃப்கியூஎல். வேண்டிய புலங்களைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். கேட்டவை மட்டுமே, கேட்ட வடிவத்திலேயே வந்து சேரும்.

இப்படிப்பட்ட ஏபிஐயை அணுக அப்போலோ கிளையண்ட் போன்ற பெரிய நிரலகத்தைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். பயனர் திரையில் தரவை மாற்றிக்கொண்டே இருக்கும் செயலிக்கு, அதிலுள்ள கேஷ் வசதி (பெற்ற தரவைத் தற்காலிகமாகச் சேமித்து மீண்டும் பயன்படுத்துவது) உண்மையிலேயே தேவை. ஆனால் வழங்கியில் பக்கங்களை உருவாக்கி அனுப்பும் உள்ளடக்கத் தளத்துக்கு அந்தச் சுமை அவசியமில்லை என்பது என் உறுதியான கருத்து. அங்கே கிராஃப்கியூஎல்-ரிக்வெஸ்ட் போன்ற சிறு நிரலகமே போதும். அது செய்வது மிகக் குறைவு: வினவலையும் மாறிகளையும் ஜேசான் என்ற உரை வடிவமாக்கி போஸ்ட் வகைக் கோரிக்கையாக அனுப்புகிறது; பதிலைப் பிரித்து தரவைத் தருகிறது; பதிலில் பிழை இருந்தால் விதிவிலக்கை எழுப்புகிறது. அது செய்யாமல் விடும் கேஷ், பக்கம் பிரித்தல், மறுமுயற்சி ஆகியவற்றுக்கு நாமே முடிவெடுக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறுவுவதற்கு அதிக வேலை இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டை வழங்கியில் இயக்கும் நோடு மென்பொருளில், 18-ஆம் பதிப்பு முதல், இணையக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் வசதி உள்ளேயே இருப்பதால் அதற்கெனத் தனித் தொகுப்பு தேவையில்லை; கிராஃப்கியூஎல்-ரிக்வெஸ்ட், அது சார்ந்திருக்கும் கிராஃப்கியூஎல் ஆகிய இரண்டு தொகுப்புகளை நிறுவினால் போதும். அடுத்து, திட்டத்தில் ஒரே ஒரு கோப்பில் கிளையண்ட்டை உருவாக்கி, ஏபிஐயின் முகவரியையும் அங்கீகாரத் தலைப்பில் செல்ல வேண்டிய டோக்கனையும் (அணுகல் உரிமைக்கான ரகசியக் குறியீடு) அங்கே மட்டும் கொடுங்கள். பிற கோப்புகள் அனைத்தும் அந்தக் கிளையண்ட்டை இறக்குமதி செய்துகொள்ளட்டும். பின்னாளில் டோக்கனையோ முகவரியையோ மாற்ற நேர்ந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

டோக்கனை நிரலுக்கு வெளியே அமைக்கப்படும் சூழல் மாறியில் வையுங்கள். நிரல் கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்துக்குள் போக விடாதீர்கள். நெக்ஸ்ட்ஜேஎஸ், வீட் போன்ற கருவிகளில் குறிப்பிட்ட முன்னொட்டுடன் பெயரிடப்பட்ட சூழல் மாறிகள் உலாவிக்கு அனுப்பப்படும் கோப்புகளிலும் இடம்பெற்றுவிடும் என்பதால், பெயர் வைக்கும்போதே கவனம் வேண்டும். வாசிக்க மட்டும் உரிமையுள்ள டோக்கனையே பயன்படுத்துங்கள். வெளியிடப்படாத வரைவுகளைக் காட்டும் டோக்கன் எந்த நிலையிலும் உலாவிக்குச் செல்லக் கூடாது.

வினவலை நேரடியாக நிரலில் எழுதத் தொடங்காமல், சேவை தரும் கிராஃபிகியூஎல் போன்ற சோதனைத் திரையில் முதலில் எழுதிப் பாருங்கள். ஸ்கீமாவில் (தரவின் வகைகளையும் புலங்களையும் விவரிக்கும் வரையறையில்) உள்ள புலங்களின் பெயர்களை அது தானாகவே பரிந்துரைக்கும். கன்டென்ட்ஃபுல்லை எடுத்துக்கொண்டால், கட்டுரை என்ற உள்ளடக்க வகையை உருவாக்கியதும், அதன் அடையாளப் பெயரோடு ‘கலெக்‌ஷன்’ என்ற சொல் சேர்ந்த ஒரு வினவல் புலம் கிடைக்கும். அதற்கு உள்ளே ‘ஐட்டம்ஸ்’, அதற்கும் உள்ளே தலைப்பு, வெளியிட்ட நாள், ஆசிரியர் என அடுக்கடுக்காகச் செல்ல வேண்டும். பட்டியல் பக்கத்துக்குத் தலைப்பும் நாளும் போதுமென்றால் முழு உரையைக் கேட்காதீர்கள். ஒரே வினவலை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது வசதியாகத் தோன்றினாலும், தேவையற்ற உரை முழுவதும் ஒவ்வொரு முறையும் வந்து சேரும்.

ஒரு கட்டுரையை மட்டும் எடுக்கும்போது, பக்கத்தின் இணைய முகவரியிலிருந்து கிடைத்த கட்டுரைப் பெயரை வினவல் சரத்துக்குள் ஒட்டிச் சேர்க்காமல், மாறியாக அனுப்புங்கள். ஒட்டிச் சேர்த்தால் ஒரு மேற்கோள் குறி வந்தாலே வினவல் உடைந்துவிடும். வெளியிலிருந்து வரும் உரை வினவலின் பொருளையே மாற்றவும் வாய்ப்புண்டு. தமிழில் முகவரிப் பெயர் வைத்திருப்போருக்கு இங்கே இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. உலாவி அந்தப் பெயரைச் சதவீதக் குறிகளாக மாற்றி அனுப்புவதால், அதை மீண்டும் எழுத்துகளாக்கிய பிறகே மாறியில் வைக்க வேண்டும். மேலும், ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் ஆகிய இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், ஒப்பிடும்போது பொருந்தாமல் போய் ‘பக்கம் இல்லை’ என்று வரக்கூடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இராது.

பிழைகளைக் கையாளும் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கிராஃப்கியூஎல் வழங்கி, வினவலின் ஒரு பகுதி தோல்வியுற்றாலும் பெரும்பாலும் வெற்றியைக் குறிக்கும் 200 என்ற நிலைக் குறியீட்டையே அனுப்பும். பதிலின் உடலில் தரவும் இருக்கும், பிழைப் பட்டியலும் இருக்கும். கட்டுரை ஒன்று ஓர் ஆசிரியர் பதிவைச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆசிரியர் பதிவை யாரோ வெளியீட்டிலிருந்து நீக்கிவிட்டால், கன்டென்ட்ஃபுல் கட்டுரையை முழுமையாகத் தந்து, ஆசிரியர் புலத்தை மட்டும் வெறுமையாக விட்டு, சுட்டியைத் தொடர முடியவில்லை என்ற பிழையையும் உடன் சேர்த்து அனுப்பும். கிராஃப்கியூஎல்-ரிக்வெஸ்ட்டின் இயல்பான அமைப்போ, பிழைப் பட்டியல் இருந்தாலே கிளையண்ட்-எரர் என்ற விதிவிலக்கை எழுப்பிவிடும். ஆசிரியர் பெயர் ஒன்று கிடைக்காததால் கட்டுரைப் பக்கம் முழுவதும் விழுந்துபோகும்.

இதைத் தவிர்க்க, கிளையண்ட்டை உருவாக்கும்போது பிழைக் கொள்கை என்ற அமைப்பை ‘ஆல்’ என்று வைத்து, வழக்கமான ரிக்வெஸ்ட் செயற்கூறுக்குப் பதிலாக ரா-ரிக்வெஸ்ட்டை அழையுங்கள். அது தரவையும் பிழைகளையும் தனித்தனியே தரும். பிழை ஒவ்வொன்றிலும் எந்தப் புலத்தில் அது நேர்ந்தது என்பதைக் காட்டும் பாதை இருக்கும். அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, கட்டுரை வந்திருந்தால் பக்கத்தைக் காட்டுங்கள், கட்டுரையே வரவில்லை என்றால் மட்டும் நிறுத்துங்கள். ‘இக்னோர்’ என்ற அமைப்பும் உண்டு. ஆனால் அது பிழைகளைச் சத்தமின்றி விழுங்கிவிடுவதால், உள்ளடக்கத்தில் ஓட்டை விழுந்தது திருத்துவோருக்குத் தெரியாமலே போகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டியல்களை எடுக்கும்போது வேறொரு மௌனமான ஆபத்து உண்டு. எத்தனை பதிவுகள் வேண்டும் என்று சொல்லாவிட்டால் கன்டென்ட்ஃபுல் 100 பதிவுகளும், டேட்டோசிஎம்எஸ் 20 பதிவுகளும் மட்டுமே தரும். 101-ஆவது கட்டுரை வெளியாகும் நாளில் எந்தப் பிழையும் எழாது. ஏதோ ஒரு கட்டுரை பட்டியலில் இல்லாமல் போகும், அவ்வளவுதான். ஆகவே எண்ணிக்கையையும் எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்பதையும் மாறிகளாகக் கொடுத்து, மொத்த எண்ணிக்கையை எட்டும்வரை சுழற்சியில் கேளுங்கள். வரிசைமுறையையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்; இல்லாவிட்டால் ஒரே பதிவு இருமுறை வரவோ, ஒன்று விடுபடவோ கூடும்.

எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. கன்டென்ட்ஃபுல் ஒவ்வொரு வினவலின் சிக்கல் அளவையும் (அது எத்தனை பதிவுகளைத் தொட நேரலாம் என்ற மதிப்பீடு) கணக்கிட்டு, 11,000-ஐத் தாண்டினால் மறுத்துவிடும். 100 கட்டுரைகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் குறிச்சொற்கள், தொடர்புடைய கட்டுரைகள் என்ற இரு பட்டியல்களை வரம்பு சொல்லாமல் கேட்டால், உட்பட்டியல் ஒவ்வொன்றும் 100 என்றே கணக்கிடப்பட்டு அளவு 20,000-ஐக் கடந்துவிடும். உண்மையில் ஒரு கட்டுரைக்கு நான்கு குறிச்சொற்களே இருந்தாலும் கணக்கு மாறாது. உட்பட்டியல்களுக்கும் சிறு வரம்பு கொடுப்பதே தீர்வு.

அடிக்கடி கேட்டால், கோரிக்கைகள் வரம்பைத் தாண்டிவிட்டன என்று சொல்லும் 429 என்ற குறியீடு வரும். சற்றுக் காத்திருந்து, காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, சில முறைகளுக்கு மேல் முயலாமல் நிறுத்தும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். 401 வந்தால் டோக்கன் தவறு என்று பொருள். அதற்கு மறுமுயற்சி வீண். பதிலே வராமல் தொங்கும் கோரிக்கையைத் துண்டிக்க, அபார்ட்-கன்ட்ரோலரின் சமிக்ஞையை வினவலோடு சேர்த்து அனுப்பலாம். தளத்தைக் கட்டமைக்கும்போதே பக்கங்களை உருவாக்கி வைத்துவிட்டால் கோரிக்கைகளின் எண்ணிக்கை பெரிதும் குறையும்.

வரைவுகளை முன்னோட்டமாகக் காட்ட, முன்னோட்ட டோக்கனுடன் இரண்டாவது கிளையண்ட் ஒன்றைத் தனியே உருவாக்குங்கள். கன்டென்ட்ஃபுல்லில் வினவலிலும் முன்னோட்டம் வேண்டும் என்று ஒரு வாதமாகச் சொல்ல வேண்டும். வரைவில் கட்டாயப் புலங்கள்கூட நிரப்பப்படாமல் இருக்கலாம். எனவே தலைப்பே இல்லாத கட்டுரை ஒன்றை வேண்டுமென்றே உருவாக்கி, அது உங்கள் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று வெளியீட்டுக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.