சமூக நோக்குள்ள திறந்தவெளி விளையாட்டை மாணவர்கள் வடிவமைப்பது எப்படி?

'சுற்றுச்சூழல்' போன்ற பரந்த தலைப்பிலிருந்து விளையாட்டு பிறக்காது. ஆடுபவர் எந்த முடிவை எடுக்கத் தடுமாற வேண்டும் என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொது நீரைப் பகிர்வதே பொருள் என்றால், மைதானத்தின் நடுவே ஒரு வட்டத்துக்குள் 40 கூழாங்கற்களை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் விசில் ஒலித்ததும் நான்கு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவர் ஓடிவந்து விரும்பிய அளவு அள்ளலாம் என்றும், மிஞ்சியவை 40ஐத் தாண்டாமல் இருமடங்காக்கப்படும் என்றும் விதி வகுக்கலாம். அணிக்கு ஐந்து கற்களோடு நிறுத்திக்கொண்டால் வட்டம் வற்றவே வற்றாது. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஆட்டத்தில், சுற்றுகளுக்கு இடையே அணிகள் கூடிப் பேசித் தாமே விதியும் தண்டமும் வகுத்துக்கொள்ள அனுமதியுங்கள். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினோர் ஆஸ்ட்ரம், பொது வளங்களை மக்களே இவ்வாறு நிர்வகிப்பதைத்தான் ஆராய்ந்தார்.

விதிகளை இரண்டு நிமிடத்துக்குள் உரக்கச் சொல்லி முடிக்க முடியாவிட்டால் குறையுங்கள். திறந்தவெளியில் காற்றும் இரைச்சலும் பாதியை விழுங்கிவிடும். ஓட இயலாதவருக்கு ஒப்புக்கு ஒரு வேலை கொடுக்காமல், அணியின் பேச்சுவார்த்தையை நடத்துவது போன்ற, முடிவைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். வடிவமைப்பில் பங்கேற்காத சிலரை வைத்து முன்னோட்டம் பார்ப்பதும், தரையையும் நிழலையும் சோதிப்பதும் அவசியம்.

ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடாமல் வட்டமாக அமர்ந்து, "என்ன கற்றீர்கள்?" என்ற சலிப்பூட்டும் கேள்விக்குப் பதிலாக, "கூடுதலாக ஒரு கல்லை எடுக்க எப்போது மனம் வந்தது?" என்று கேளுங்கள்.