காலியான வீட்டைப் புதுப்பித்து விற்கும்போது எடுக்க வேண்டிய காப்பீடு

வேலூர் கொசப்பேட்டையிலோ காட்பாடி காந்தி நகரிலோ பழைய வீடு ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து விற்பவர்கள் பலரும் சாதாரண வீட்டுப் பாலிசியோடு நின்றுவிடுகிறார்கள். அது குடியிருக்கும் வீட்டுக்காக எழுதப்பட்டது. ஆள் இல்லாமல், சுவர் உடைந்து, வாசலில் மணல் கொட்டிக் கிடக்கும் வீடு அதன் கணக்கில் வேறு வகை.

முதலில் பத்திரம் யார் பெயரில் என்று பாருங்கள். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. இந்த 9 சதவீதத்தை மிச்சம் பிடிக்க, அக்ரிமென்ட்டும் பவரும் மட்டும் வாங்கி வேலையை ஆரம்பிப்பது இங்கே சகஜம். அப்படியிருக்க பாலிசியை உங்கள் பெயரில் மட்டும் எடுத்தால், "வீடு உங்களுடையது இல்லையே" என்ற ஒரே கேள்வியில் க்ளெய்ம் நின்றுவிடும். பத்திரதாரர் பெயரில் எடுத்து, நீங்கள் கொடுத்த முன்பணத்தையும் உங்கள் பெயரையும் எண்டார்ஸ்மென்ட்டில் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் குறிப்பில்) சேர்க்கச் சொல்லுங்கள்.

கட்டடத்துக்கு, 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. காப்புத்தொகை வாங்கிய விலை அல்ல. கார்பெட் பரப்பை (சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப் பரப்பை) இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. 900 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 18 லட்சம். மனை விலை இதில் சேராது.

புரபோசல் ஃபார்மிலேயே "காலி வீடு, இன்ன தேதி முதல் புதுப்பிப்பு வேலை" என்று எழுதுங்கள். 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் காப்பு அற்றுப்போகும் என்ற நிபந்தனை தீக் காப்பீட்டில் பழையது. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் கையில் இருக்கட்டும். ஏஜென்ட் போனில் சொன்ன "சரி சார்" க்ளெய்ம் நேரத்தில் உதவாது. வேலை முடிந்ததும் மருத்துவமனைக்கு வருவோருக்கு நாள் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது குடியிருப்பு உபயோகம் ஆகாது.

திருட்டில்தான் அதிகம் ஏமாறுவது. இந்தப் பாலிசியில் தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கே காப்பு. பூட்டிய வீட்டில் செம்பு ஒயரையும் தேக்குக் கதவையும் தூக்கிப்போனால் ஒன்றும் கிடைக்காது. தனித் திருட்டுப் பாலிசி எடுத்தாலும், பூட்டையோ கதவையோ உடைத்த அடையாளம் கேட்பார்கள். கதவையே கழற்றி வைத்திருக்கும் வீட்டில் எதைக் காட்டுவது? ஓர் அறைக்கு மட்டும் இரும்புக் கதவும் பூட்டும் போட்டு, குழாய், ஒயர், மோட்டாரை அதில் வையுங்கள். பில்கள் வேறு இடத்தில் இருக்கட்டும்.

நடக்கும் வேலைக்கு கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி, அதாவது கட்டுமான வேலையின்போது வேலைக்கும் பொருளுக்கும் வரும் சேதத்துக்கான காப்பு. மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட் மட்டும் கொடுத்து, சிமென்ட், கம்பி, டைல்ஸ் நீங்களே வாங்கினால் அந்த விலையையும் காப்புத்தொகையில் சேர்க்க வேண்டும். 10 லட்ச வேலையை 6 லட்சம் என்று போட்டால், ஒரு லட்ச நஷ்டத்துக்கு 60,000தான் வரும், அதிலும் கழிவுத்தொகை (ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) போக. இருக்கும் பழைய கட்டடம் தானாகச் சேராது; "உரிமையாளரின் சுற்றுச் சொத்து" என்ற கூடுதல் காப்பைக் கேட்டு வாங்குங்கள். இடிபாடு அகற்றும் செலவும் அப்படித்தான். தப்பாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவு எதிலும் வராது.

நெருக்கமான பழைய தெருக்களில் பொதுச்சுவர் இருக்கும். அதிர்வாலோ, தாங்கும் சுவரை எடுத்ததாலோ பக்கத்து வீடு விரிசல் விட்டால், அதே பாலிசியில் பிறருக்கு வரும் சேதத்தைப் பார்க்கும் மூன்றாம் நபர் பகுதி அதை விலக்கியே வைத்திருக்கிறது. அந்த விலக்கை நீக்கும் எண்டார்ஸ்மென்ட் இல்லாமல் சுத்தியலைத் தொடாதீர்கள். அதைக் கொடுப்பதற்கு முன் பொறியாளரின் வரைபடமும் பக்கத்து வீட்டுச் சுவரின் போட்டோக்களும் கேட்பார்கள்; விரிசல் ஏற்கெனவே இருந்தால் அதை நிரூபிப்பதும் அதே போட்டோதான்.

2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். தளத்துத் தட்டோட்டைப் பெயர்க்கும் வேலை செப்டம்பருக்குள் முடியட்டும். முடியாவிட்டால் ஜனவரிக்குத் தள்ளுங்கள். வெள்ளத்துக்குக் காப்பு உண்டு, திறந்து கிடக்கும் தளம் வழியாக மழை இறங்கிக் கசிந்ததற்குக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனி. வாங்கி விற்பது உங்கள் தொழில் என்றால், மேஸ்திரி கூட்டிவந்த ஆளுக்கும் பொறுப்பு உங்கள்மேல் வரும். ஆள் எண்ணிக்கையையும் கூலியையும் உள்ளபடி எழுதுங்கள்.

பணம் முடங்கி வேலை நின்றால் அன்றே தெரிவியுங்கள். நின்றதால் வரும் சேதத்துக்குக் காப்பு இல்லை. வேலை இழுத்தால், பாலிசியின் காலக்கெடு முடியுமுன் நீட்டிப்பு வாங்குங்கள். விற்றதும் பாலிசி, வீட்டை வாங்கியவருக்குத் தானாகப் போகாது. கிரயம் பதிவாகும் அன்றே அவர் புதிதாக எடுக்க வேண்டும்; நீங்கள் ரத்துக்கு எழுதிக் கொடுத்து மீதிப் பிரீமியத்தைக் கேளுங்கள்.