பிள்ளைச் செலவுக் காசு நின்றபோது செய்தது

நானும் துணையும் பிரியும்போது எழுதிக்கொண்டது பிரிவு ஒப்பந்தம் மட்டும்தான், நீதிமன்றக் கட்டளை இல்லை. கொஞ்சக் காலம் பிள்ளைச் செலவுக் காசு ஒழுங்காக வந்தது. பிறகு "அடுத்த மாதம் தாறன்" என்ற வாட்ஸ்அப் செய்திதான் வந்தது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இப்படியான காசை அறவிடவென்றே குடும்பப் பொறுப்பு அலுவலகம் (Family Responsibility Office) இருக்கிறது, சுருக்கமாக எஃப்.ஆர்.ஓ. நீதிமன்றக் கட்டளை என்றால் தானாகவே அங்கே போய்விடும். என்னைப்போல் ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் 26பி படிவத்தில் சத்தியக்கடதாசி முடித்து, ஒப்பந்தத்தை முதலில் குடும்ப நீதிமன்றத்தில் பதிய வேண்டும். அதற்குப் பிறகுதான் எஃப்.ஆர்.ஓ. கையில் எடுக்கும்.

விண்ணப்பத்தில் காசு தரவேண்டியவருடைய வேலையிடம், முகவரி, சமூகக் காப்புறுதி இலக்கம் எல்லாம் கேட்டார்கள். பழைய வரிக் கடதாசிக் கட்டைக் கிளறினேன். இலக்கம் அதில் கிடந்தது. வேலையிடத்துக்குக் கழிவு அறிவித்தல் போனது, சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள். வரிகள் போக மிஞ்சும் சம்பளத்தில் பாதிவரை பிடிக்கலாமாம். சொந்தத் தொழில், கையில் காசு என்று நழுவுபவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள்: நிலுவை ஏறினால் சாரதி அனுமதிப்பத்திரத்தை நிறுத்தலாம், கடவுச்சீட்டிலும் கைவைக்கலாம். (கார் இல்லாமல் ஸ்காபரோவில் என்ன செய்வது? அதுதான் பலருக்கு உறைக்கிறது.)

தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அவர்களால் முடியாது, அது நீதிமன்ற வேலை. எங்கள் ஒப்பந்தத்தில் "டேகெயார் செலவில் நியாயமான பங்கு" என்று ஒரு வரி இருந்தது. அதை அறவிட முடியவில்லை. எழுதும்போதே மாதம் இத்தனை டொலர் என்று போடச் சொல்லுங்கள்.