கல்லூரி தொடங்கும் முன் பழகிக்கொள்ள வேண்டியவை

பள்ளியில் நன்றாகப் படித்தவர்களும் முதல் செமஸ்டரில் தடுமாறுவது உண்டு. பாடம் கடினமாக இருப்பது மட்டும் காரணமல்ல. எப்போது படிப்பது, எதை முதலில் முடிப்பது, எது பாக்கி என்பதையெல்லாம் அதுவரை ஆசிரியர்களும் வீட்டாரும் கவனித்துக்கொண்டார்கள். கல்லூரியில் அது முழுக்க உங்கள் பொறுப்பு. இடையில் கிடைக்கும் விடுமுறையில் பழக வேண்டியது இதைத்தான்.

நேரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்பது பல கல்லூரிகள் சொல்லும் கணக்கு. வாரம் 15 மணி நேரம் வகுப்பு என்றால், வெளியே படிக்கும் 30-ஐயும் சேர்த்துப் படிப்புக்கு மட்டும் 45 மணி நேரம். லேப் அதிகமுள்ள படிப்புகளில் வகுப்பு நேரமே கூடுதலாக இருக்கும். வெளியே படிப்பது குறையுமே தவிர இல்லாமல் போகாது. வாரத்தின் 168 மணியில் இந்த 45-ஐயும் தூக்கத்துக்கு 56-ஐயும் கழித்தால் 67 மிச்சம். தாராளமாகத் தோன்றும். ஆனால் சாப்பாடு, குளியல், பயணம் போக, அதில் பெரும்பகுதி அரை மணி, ஒரு மணி என்று துண்டு துண்டாகவே கைக்கு வரும். வகுப்புகளுக்கு நடுவே வரும் இடைவெளியில் என்ன செய்யப்போகிறோம் என்பதை முந்தின இரவே எழுதி வைக்காவிட்டால் அது செல்போனில் கரைந்துவிடும்.

முதல் வாரத்தில் கையில் கிடைக்கும் பாடத்திட்டங்களில் உள்ள தேர்வு, அசைன்மென்ட் தேதிகள் அனைத்தையும் ஒரே காலண்டரில் ஏற்றுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். ஒரே வாரத்தில் மூன்று வந்து மோதுவது ஒன்றாகப் பார்க்கும்போதுதான் தெரியும். பெரிய அசைன்மென்ட்டுக்குக் கெடு தேதியோடு, அதற்குப் பத்து நாள் முன்பு ‘தொடக்கம்’ என்றும் ஒரு தேதி குறியுங்கள்.

படிக்கும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது பழகிய வரிகள் தெரிந்த பாடம் போலத் தோன்றும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். வகுப்பு நடந்த அன்றே நோட்டை மூடிவிட்டு 15 நிமிடம் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அதையே செய்யுங்கள். சேரப்போகும் படிப்புக்கு அடிப்படையான, பள்ளியில் சரியாகப் புரியாத ஓர் அத்தியாயத்தை எடுத்து இப்போதே இப்படிப் பயிற்சி செய்யலாம்.

தொடர்ந்து இரண்டு வகுப்புகள் புரியாவிட்டால் பேராசிரியரைப் பாருங்கள். முதல் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் அதற்கு மேல் கட்டப்படும் பாடங்களும் கை நழுவிவிடும். மின்னஞ்சல் என்றால் தலைப்பில் பாடத்தின் பெயர், முடிவில் உங்கள் பெயர், பதிவு எண். நடுவில் எந்தப் படி வரை புரிந்தது, எங்கே நின்றது என்று நான்கு வரி போதும். “ஒன்றுமே புரியவில்லை” என்று எழுதினால் எங்கிருந்து விளக்குவது என்று அவருக்குத் தெரியாது.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரு மாதச் செலவை நாள்தோறும் எழுதிப் பாருங்கள்.

விடுமுறையில் தள்ளிப்போன தூக்கத்தை ஒரே நாளில் திருப்ப முடியாது. பத்து மணிக்கு எழுபவர் தினம் 15 நிமிடம் முன்னால் நகர்ந்தால் ஆறரைக்கு வர 14 நாள் ஆகும். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போனால் உடல் சீக்கிரம் பழகும். அலாரத்தை நீங்களே வையுங்கள். எழுப்பிவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.