குதிப்பதற்கு முன் எந்த நீட்டல், எவ்வளவு நேரம்? கைப்பந்து ஆடுவோருக்கான செய்முறை

ஆட்டம் தொடங்குமுன் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலையும் பின்தொடையையும் நிமிடக்கணக்கில் இழுத்து வைத்திருப்பதே நல்ல வார்ம் அப் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். முதல் செட்டில் என் ஸ்மாஷ்கள் வலையில் விழும். மூன்றாம் செட்டில்தான் கால் எழும்பும். குறை அந்த நீட்டலில்தான் இருந்தது.

முதலில் உங்கள் குதி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவி, சுவரோரம் பக்கவாட்டில் நின்று கையை உயர்த்தி ஒரு குறி, குதித்துத் தொட்டு இன்னொரு குறி. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே கணக்கு. நிற்கும்போது தோளை முழுவதும் உயர்த்தாவிட்டால் குதி உயரம் பொய்யாகக் கூடிவிடும் என்பதால், நின்று எட்டும் உயரத்தை ஒருமுறை சரியாக அளந்து அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். கைபேசிச் செயலிகளை நான் விரும்புவதில்லை. அவை காற்றில் இருந்த நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பதால், முழங்காலை மடக்கியபடி இறங்கினாலே அளவு ஏறிவிடுகிறது.

அடுத்து, ஐந்து நிமிட மெது ஓட்டம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

நான் இடறியது இதற்கு அடுத்த படியில். குதிக்குமுன் முழங்காலை மடக்கிச் சட்டென்று நிமிரும்போது தசையும் தசைநாணும் இழுபட்ட ரப்பர் பட்டையைப் போல ஆற்றலைத் தேக்கித் திருப்பித் தருகின்றன. அசையாமல் நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் நிலையான நீட்டல் அந்த விறைப்பைச் சிறிது நேரத்துக்குத் தளர்த்துகிறது; தசையை முடுக்கும் நரம்புத் தூண்டலும் குறைகிறது. 2016இல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வின்படி, நீட்டல் முடிந்த சில நிமிடங்களுக்குள் சோதித்தபோது நிலையான நீட்டலுக்குப்பின் செயல்திறன் சராசரியாக 3.7 விழுக்காடு குறைந்தது. கை கால்களை அசைத்தபடியே செய்யும் இயங்கு நீட்டலுக்குப்பின் 1.3 விழுக்காடு கூடியது. ஒரு தசைக்கு 60 நொடிக்குக் குறைவாக நிலையான நீட்டல் செய்தவர்களுக்கு இழப்பு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். அதைத் தாண்டியவர்களுக்கு 4.6.

இதைப் படித்ததும் முப்பது நொடியோடு நிறுத்தினேன், ஆனாலும் பயனில்லை. ஒரே கெண்டைக்காலுக்கு மூன்று முறை முப்பது நொடி செய்துகொண்டிருந்தேன் என்பதும், கணக்கில் சேர்வது ஒரு தசைக்கான மொத்த நேரம் என்பதும் பிறகுதான் உறைத்தன. மூன்று முப்பது தொண்ணூறு.

ஆகவே ஓட்டம் முடிந்ததும் இயங்கு நீட்டலுக்குப் போங்கள். வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்பின்னாகப் பத்து முறை, பக்கவாட்டில் பத்து முறை வீசுங்கள்; காலை அதன் எடையைக் கொண்டு தூக்கியெறியாமல், தசையால் கட்டுப்படுத்தி வீச வேண்டும். பிறகு நீள அடி வைத்து முழங்காலை மடக்கி நடத்தல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், கணுக்காலால் சிறு துள்ளல்கள். கடைசியாக, ஓடிவந்து குதிக்கும் அதே அடிவைப்பில் மூன்று குதிகள்: பாதி வேகம், முக்கால், முழுவேகம். மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்தால், வந்த பலன் களைப்பில் போய்விடும்.

துணையாள் ஒருவர் பிடித்துக்கொள்ள, அவருக்கு எதிராகத் தசையை இறுக்கிப் பின் நீட்டும் பி.என்.எஃப். முறை வளைவுத்தன்மைக்கு அருமையானது. ஆனால் அதே தொகுப்பாய்வில் அதன் உடனடி இழப்பு 4.4 விழுக்காடு. அதையும் நீண்ட நிலையான நீட்டலையும் ஆட்டம் முடிந்த பிறகோ தனி நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வாரக்கணக்கில் செய்வதால் குதி குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: கணுக்கால் இறுக்கம் உள்ளவர்கள் நிலையான நீட்டலை அடியோடு விட வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஓட்டம் முடிந்தவுடன் இருபது நொடி வீதம் இரண்டே முறை செய்துவிட்டு, மேலே சொன்ன வீச்சுகளையும் குதிகளையும் தொடருங்கள். அதற்குள் அந்தச் சிறு இழப்பும் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்று ஆட்டக்காரராக வெளியே இருப்பவர்களோ பெஞ்சில் உட்கார்ந்து கெண்டைக்காலை இழுத்துக்கொண்டிருக்காமல், ஒவ்வொரு டைம் அவுட்டிலும் எழுந்து பத்துத் துள்ளல் போடலாம்.