பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டாதீர்கள்

காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது மூலையை முழுவதுமாக வெட்டி எடுக்காதீர்கள். முக்கால் பங்கு வெட்டிவிட்டு, அந்த முக்கோணத் துண்டு பாக்கெட்டோடு ஒட்டித் தொங்கும்படி விட்டுவிடுங்கள். பால் தடையில்லாமல் ஊற்றும்.

விரல் நகம் அளவுள்ள அந்தத் துண்டைக் குப்பை பிரிப்பவர்களால் பொறுக்கி எடுக்க முடியாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தால் கழிவுநீரோடு போகிறது; தெருவில் விழுந்தால் மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. சென்னையில் அந்த வடிகால்கள் கூவத்திலும் அடையாற்றிலும் கலக்கின்றன. இரண்டும் சேருமிடம் வங்கக் கடல். பால் உறை செய்யப்படும் பாலித்தீன் தண்ணீரைவிட லேசானது. அதனால் மிதந்துகொண்டே வெகுதூரம் போகும், வெயிலில் நொறுங்கிப் பொடியாகும், மீனின் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேரும். நினைத்தாலே மனம் பதறுகிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. ஆனால் பால் உறைக்கு விலக்கு இருக்கிறது. ஆகவே இதில் பொறுப்பு நம் சமையலறையில்தான்.

காலியான பாக்கெட்டை ஒரு கை தண்ணீர் விட்டு அலசுங்கள் (அந்தத் தண்ணீரைச் செடிக்கே ஊற்றலாம்). கவிழ்த்து உலர்த்தி, ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பால் வாடை இல்லாத உறைகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய் பாக்கெட்டையும் இப்படியே வெட்டலாம். அலசும்போது மட்டும் கொஞ்சம் சீயக்காய்த்தூள் சேர்த்துக்கொள்ளுங்கள்.