நாரி நோவைக் ‘கீழ் முதுகு வலி’ என்று கேட்டால் பதில் வராது: தொழிலிட ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு தோட்டம். மிளகாய்க் கன்றுகளுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், கையில் வினாக்கொத்தை வைத்துக்கொண்டு, “கடந்த 12 மாதங்களில் உங்கள் கீழ் முதுகில் வலி அல்லது அசௌகரியம் ஏற்பட்டதா?” என்று கேட்டேன். “இல்ல மனே” என்றார். நானும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். கேள்விகள் முடிந்து எழும்பும்போது இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பின்னால் ஊன்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என்னம்மா என்று கேட்டதற்கு, “நாரி உளையுது மனே, குனிஞ்சு செய்யிற வேலைதானே, அது எப்பவும் கிடக்கிறதுதான்” என்றார்.

அன்றைக்கு அவருக்கு முன்னால் 17 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தேன். அத்தனை பேரிடமும் திரும்பப் போக வேண்டியிருந்தது.

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பணிச்சூழலியல் (வேலையை உடம்புக்குப் பொருத்துவது பற்றிய துறை), தொழில்சார் பாதுகாப்பு என்று இளமாணி, முதுமாணி ஆய்வு செய்யும் பிள்ளைகள் இப்போதும் வினாக்கொத்தைக் கொண்டுவந்து காட்டும்போது முதலில் நான் தேடுவது இந்த ‘கீழ் முதுகை’த்தான். பெரும்பாலும் அது அங்கே இருக்கும். இணையத்தில் கிடைத்த ஆங்கில வினாக்கொத்தை ஒருவர் தமிழாக்க, இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டும் பொருந்திவிட்டன, ஆகவே மொழிபெயர்ப்பு சரி என்று எழுதிவிடுகிறார்கள். பொருந்தத்தானே செய்யும்? ‘கீழ் முதுகு’ என்பதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் பழைய சொல்லே வரும். வயலில் நிற்பவருக்கு அது விளங்குமா என்பதை அந்த முறை சோதிப்பதே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்குப் பெயர் நாரி. முதுகு என்றால் அதற்கு மேலே. இடுப்பு என்று கேட்டால் சிலர் பக்கவாட்டைக் காட்டுவார்கள். அதேபோல நோ வேறு, உளைவு வேறு, கடுப்பு வேறு, விறைப்பு வேறு, பிடிப்பு வேறு. நரம்பு அழுத்தத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் ‘கை விறைக்கிறதா’ என்றுதான் கேட்க வேண்டும். ‘உணர்விழப்பு’ என்று கேட்டால் யாரும் ஆம் சொல்லமாட்டார்கள். இன்னொன்று, ‘வருத்தம்’ என்ற சொல்லைப் போட்டால் காய்ச்சல், சீனி, பிரஷர் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற நோய்களைத்தான் நினைப்பார்கள், வேலையோடு வருகிற நோவை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

ஆகவே வினாக்கொத்தை எழுதுவதற்கு முன்னால் நாலைந்து பேரோடு சும்மா இருந்து கதையுங்கள். அவர்கள் எந்தச் சொல்லைச் சொல்லி எங்கே கை வைக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் உடல் படத்தைக் கட்டாயம் கொண்டுபோங்கள். தசை, எலும்புத் தொந்தரவுகளைக் கேட்க எல்லோரும் பயன்படுத்துகிற நோர்டிக் வினாக்கொத்து 1987இல் வெளிவந்தபோதே, உடலை 9 பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் படத்தோடுதான் வந்தது. பக்கம் மிச்சம் பிடிக்க அந்தப் படத்தைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

நோர்டிக்கைப் பற்றி இன்னொரு விசயம். அது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. 12 மாதத்தில் தொந்தரவு இருந்ததா, அதனால் வழமையான வேலை தடைப்பட்டதா, கடைசி 7 நாளில் இருந்ததா என்று கேட்டு, எங்கே பிரச்சினை குவிந்திருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். ‘70 வீதமானோர் தசை எலும்பு நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர்’ என்று முடிவுரையில் எழுதினால் அது பிழை. தொந்தரவு சொன்னவர்கள் அவர்கள், நோயாளிகள் என்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. வேலை தடைப்பட்டதா என்ற இரண்டாவது கேள்விதான் குடும்பத்தின் வருமானத்தைத் தொடுகிற கேள்வி, அதை ஒரு அட்டவணையில் போட்டுவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் கடந்துபோவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்த தவறு, எப்போது போகிறோம் என்பது. ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்டு, அறநெறிக் குழுவின் அனுமதி கிடைத்து, பரீட்சையும் முடிந்து வயலுக்குப் போகும்போது வயல் சும்மா கிடக்கும். இங்கே பெரும்போகம் மழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும், சிறுபோகம் சித்திரைக்குப் பிறகு தொடங்கி ஆவணி வாக்கில் முடியும். விதைப்பின்போது உடம்பு படுகிற பாடு ஒன்று, மருந்தடிக்கும்போது ஒன்று, மூடை ஏற்றும்போது வேறொன்று. கடைசி 7 நாள் என்ற கேள்வியை வேலை இல்லாத மாதத்தில் கேட்டுவிட்டு ‘விவசாயிகளுக்குத் தொந்தரவு குறைவு’ என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்! 12 மாதக் கேள்வியும் இதைச் சரிக்கட்டாது, ஏனென்றால் ஆட்கள் கிட்டடியில் நடந்ததைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

நாளிலும் இதே கதைதான். விடியப்புறத்திலேயே வட்டைக்கு (வயலுக்கு)ப் போய், வெயில் ஏற முதல் பாதி வேலையை முடித்துவிடுகிறவர்களைப் பார்க்க நாம் பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினால், பார்ப்பது வேலையை அல்ல, மர நிழலில் தேத்தண்ணி குடிப்பதை. வெப்பத்தை அளக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வானிலை அறிக்கையில் வருகிற வெப்பநிலை நிழலில் அளந்தது. வெயில், ஈரப்பதன், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் கோள வெப்பச் சுட்டெண்ணை வேலை நடக்கிற இடத்தில், வேலை நடக்கிற நேரத்தில் அளக்க வேண்டும்.

இலக்கிய மீளாய்வில் ஒரு தவறு அடிக்கடி வரும். இந்தியாவிலோ தாய்லாந்திலோ நாற்று நடுகிற பெண்களைப் பற்றிச் செய்த ஆய்வை அப்படியே எடுத்து ‘நெற்செய்கையாளர்’ என்று பொதுவாக்கி, கருதுகோளையும் அதிலிருந்தே எழுதிவிடுகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலும் வீசி விதைப்புத்தான், அறுவடைக்கும் இப்போது மெசின் வந்துவிட்டது. நாற்று நடாதவருக்கு நாற்று நடுவதால் வரும் நோவைத் தேடினால் என்ன கிடைக்கும்? மருந்துத் தாங்கியைத் தோளில் சுமந்து சேற்றுக்குள் நடப்பதைப் பாருங்கள். 16 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 16 கிலோ, ஒரு கை மருந்து தெளிக்கும் குழாயை ஆட்ட, மறு கை பம்பை அடித்துக்கொண்டே இருக்கும்.

இனிக் கருவிகள், அதாவது வேலை செய்கிறவரின் உடல் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் முறைகள். மாணவர்களிடம் ஏன் ரூலா என்று கேட்டால், போன வருட ஆய்வில் அதுதான் இருந்தது என்கிறார்கள். ரூலா 1993இல் வந்தது, கழுத்து, தோள், கை என்று மேலுடம்பு படும் பாட்டுக்காக, தையல், கணினி போன்ற இருந்து செய்யும் வேலைகளை மனதில் வைத்து ஆக்கியது. தையல் நிலையத்தில் அதை வைத்துப் பார்ப்பது பொருத்தம். குனிந்தும் குந்தியும் களை பிடுங்குகிறவருக்கு முழு உடம்பையும் பார்க்கிற ரீபா (2000) அல்லது பின்லாந்தின் உருக்குத் தொழிற்சாலையில் பிறந்த ஓவாஸ் நல்லது. ஓவாஸில் முதுகுக்கு 4, கைக்கு 3, காலுக்கு 7, பாரத்துக்கு 3 என்று மொத்தம் 252 சேர்க்கைகள் உண்டு, அதைச் சரியாகச் செய்வதென்றால் ஒரு குறித்த இடைவெளியில், உதாரணமாக 30 செக்கனுக்கு ஒரு தடவை, நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்கள் செய்வது என்ன? மிக மோசமாகக் குனிந்த ஒரு நொடியைப் படம் பிடித்து, அதற்கு ஒரு மதிப்பெண் போட்டு, அதை அந்த வேலைக்கே போட்ட மதிப்பெண்ணாக எழுதுகிறார்கள். ஒரு நாளில் அந்த நிலை 5 நிமிடம் வந்ததா 5 மணித்தியாலம் வந்ததா என்று தெரியாமல் எதைச் சொல்ல முடியும்?

படமெடுக்கும் கோணமும் முக்கியம். 65 பாகை குனிந்து நிற்கும் ஒருவரை நேர் பக்கவாட்டில் நின்று எடுக்காமல் 45 பாகை ஒதுங்கி நின்று எடுத்தால், படத்தில் அவர் ஏறத்தாழ 57 பாகைதான் குனிந்தவர் போலத் தெரிவார். ரீபாவில் 60 பாகையைத் தாண்டினால் உடற்பகுதிக்கு 4, தாண்டாவிட்டால் 3. நீங்கள் வயல் வரம்பில் நின்ற இடம் அவருடைய மதிப்பெண்ணை மாற்றிவிட்டது.

மூடை தூக்குகிறவர்களுக்கு அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பாரம் தூக்கும் சமன்பாட்டைப் போடுவதும் அப்படித்தான். அந்தச் சமன்பாடு எல்லாம் மிகச் சாதகமாக இருக்கும்போது 23 கிலோ என்று தொடங்கி, தூரம், உயரம், திரும்பல் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போகும். இரண்டு கையாலும் ஒரு பொருளைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பதற்கு மட்டும் ஆனது அது. முதுகில் ஏற்றிச் சுமந்து நடப்பதற்கும், வழுக்குகிற நிலத்துக்கும், ஒடுங்கிய இடத்தில் குனிந்து தூக்குவதற்கும் அது பொருந்தாது என்று அதை ஆக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆலையில் 60 கிலோவைத் தாண்டும் நெல் மூடையை முதுகில் ஏற்றி லொறிக்குக் கொண்டுபோகிறவருக்கு இதைப் போட்டு, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்துடன் ஒரு சுட்டெண் எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? வளர்ந்த ஆண் ஒருவர் வழமையாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. அதைப் பக்கத்தில் வைத்து, ஒரு நாளில் எத்தனை மூடை, எத்தனை மீற்றர், பலகையில் ஏறவேண்டியிருக்கிறதா என்று எண்ணி எழுதுங்கள். அது போதும்.

நான் மிக அதிகமாகக் கவலைப்படுவது ஆய்வில் இல்லாதவர்களைப் பற்றி. மருதமுனையில் தறியில் இருக்கும் நெசவாளர்களை மட்டும் கேட்டால், 20 வருட அனுபவம் உள்ளவர்களுக்கு 5 வருடக்காரர்களைவிட நோ குறைவு என்று வரலாம். உடனே ‘அனுபவம் பாதுகாக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். தாங்க முடியாதவர்கள் எப்போதோ தறியை விட்டு இறங்கிவிட்டார்கள். ஒருவர் பலசரக்குக் கடை போட்டிருப்பார், இன்னொருவர் வெளிநாடு போயிருப்பார். எஞ்சியிருப்பவர் உடம்பு தாங்கினவர். ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்று இதற்குப் பெயரே இருக்கிறது. ஒவ்வொரு நெசவாளரிடமும் “உங்களோடு நெய்து விட்டுப்போனவர்கள் யார், ஏன் விட்டார்கள்?” என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு, அவர்களில் பத்துப் பேரையாவது தேடிப் போய்ப் பாருங்கள்.

கணக்கில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, முரண் விகிதம் (ஒவ்வொரு குழுவிலும் நோ உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து, வருகிற இரண்டையும் ஒப்பிடும் கணக்கு). அதிக நேரம் குனிகிறவர்களில் 80 வீதம் பேருக்கும் மற்றவர்களில் 60 வீதம் பேருக்கும் நாரி நோ இருந்தால் வித்தியாசம் 1.33 மடங்கு. மென்பொருள் தருகிற முரண் விகிதமோ 2.67. அதைப் பார்த்து ‘2.67 மடங்கு அதிகம்’ என்று எழுதினால் உண்மையைப் பெருப்பித்துக் காட்டிய மாதிரி. கடின வேலை செய்கிறவர்களிடம் இந்த நோ மிகப் பரவலாக இருப்பதால் இந்தப் பிழை இந்தத் துறையில் அடிக்கடி விழும், இரண்டு வீதங்களையும் நேரே வகுக்கும் பரவல் விகிதத்தை எடுங்கள். மற்றது, 9 உடற்பகுதிகளை 10 காரணிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் 90 சோதனைகள். உண்மையில் எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும் 0.05 மட்டத்தில் நாலைந்து தற்செயலாகவே ‘குறிப்பிடத்தக்கது’ என்று வரும். அந்த நாலைந்தைப் பிடித்துக்கொண்டு அத்தியாயம் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். ஆலையில் அவர் தேத்தண்ணி கொடுத்து உபசரித்து, ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விடுவார், அவர்களும் ஒன்றுமில்லை தம்பி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பெண்கள் குனிந்து வேலை செய்வதைப் படமெடுப்பதானால் முதலில் எதற்கு என்று சொல்லி, எடுத்த படத்தை அவர்களுக்கே காட்டி, வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

கடைசி அத்தியாயம், பரிந்துரைகள். பயிற்சி வழங்க வேண்டும், விழிப்புணர்வு வேண்டும், இடுப்புப் பட்டி அணிய வேண்டும் என்று மூன்று வரி எழுதினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். காயமில்லாத தொழிலாளிக்கு இடுப்புப் பட்டி பாதுகாப்புத் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. தொழில் திணைக்களம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதுவதற்கு முன்னால் சட்டத்தையும் பாருங்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளுக்கானது, வட்டையில் மருந்தடிக்கிறவர் அதற்குள் வரமாட்டார். மூடையின் நிறையைக் குறைப்பது, தூக்கும் உயரத்தைக் குறைப்பது, தள்ளுவண்டி போக வழி செய்வது என்று வேலையை மாற்றுகிற பரிந்துரையை முதலில் எழுதுங்கள், ஆளை மாற்றுகிற பரிந்துரை அதற்குப் பிறகு வரட்டும்.

எதை மாற்றலாம் என்று தெரியாவிட்டால், அவர்கள் ஏற்கெனவே எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நெசவாளர் வீட்டில் மூன்று நாள் இருந்து முழங்கை உயரம், இருக்கை உயரம், மிதியின் தூரம் எல்லாம் அளந்துகொண்டு வந்தோம். அவர் தன்னுடைய இருக்கைக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை அடித்து வைத்திருந்ததை மூன்றாம் நாள் அவருடைய மகள் சொல்லித்தான் கண்டோம். அதை வைத்த பிறகுதான் தோள் நோகாமல் முழு நாளும் நெய்ய முடிகிறது என்றார் அவர். பலகை இல்லாமல் அரை நாள், பலகையோடு அரை நாள் நெய்து காட்டுவீர்களா என்று கேட்டோம். ஓம் என்று சிரித்துக்கொண்டு, தறியை விட்டு இறங்கி ஆணியைக் கழற்றத் தொடங்கினார்.